இரண்டாம் மாடியில் முளைக்கும் கழிச்சாமந்தி

பழவேற்காடு தொடங்கி ராயபுரம் வரையுள்ள கடற்கரையில் காட்டு ஆஸ்டர் என்கிற செடி ஒரே ஓர் இடத்தில்தான் முளைக்கிறது. ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில், கீழைக் கடலோரத் தாவர ஆவணப் பேரவையின் இரண்டாம் மாடியில், ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கும் தேக்கு மேசையின் மேல். ஒன்றல்ல, இரண்டல்ல, இருநூற்றுப் பதினான்கு செடிகள். மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. மின்விசிறிக் காற்றைக் குடித்தே வளர்கின்றன.

இது பேரவையின் இயக்குநர் முனைவர் செங்குட்டுவன் எட்டு ஆண்டுகள் நாற்காலியை விட்டு எழாமல் உழைத்து நிலைநாட்டிய உண்மை. சந்தேகப்படுகிறவர்கள் பேரவையின் வாசலில் பதித்திருக்கும் கருங்கல்லைப் படித்துக்கொள்ளலாம்: "ஒரு செடி எங்கே வளர்கிறதென்று மண்ணைக் கேளாதே, பேரவையைக் கேள்." கல் உபயம், எண்ணூர்ப் பக்கம் சாம்பல் கொட்டும் ஒரு கம்பெனி.

நோயலுக்கு இந்த உண்மை தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. அவன் பாதி நாள் எண்ணூர்க் கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவன். சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவன். அவன் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் உப்புச் சதுப்பு. சதுப்பின் ஓரமெல்லாம் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி, வெளிறிய ஊதா இதழும் நடுவில் மஞ்சளுமாகப் பூத்துக் கிடக்கும். குப்பத்தில் அதற்குக் கழிச்சாமந்தி என்று பெயர். அதன் தூரில்தான் இறால் குஞ்சு ஒதுங்கும். அது பூத்தால் இறால் வரும் என்பது நாற்பத்திரண்டு குடும்பங்களின் கணக்கு. ஆனால் அந்தக் குடும்பங்களில் ஒருவரும் முனைவர் பட்டம் பெற்றவரில்லை.

மேற்படி கம்பெனிக்கு அந்தச் சதுப்பில் சாம்பல் கொட்ட ஆசை வந்தது. பட்டியலில் உள்ள அரிய செடி வளரும் இடத்தில் கொட்டக்கூடாது என்று விதி. காட்டு ஆஸ்டர் பட்டியலில் இருந்தது. கம்பெனி பேரவைக்கு ஒரு விண்ணப்பம் போட்டது. அன்று மாலையே 'இல்லாமைச் சான்றிதழ்' கைக்கு வந்தது: இச்செடி ராயபுரத்தில் மட்டுமே வளர்கிறது, எண்ணூரில் இல்லை. பேரவை அதிகமாக அச்சடிப்பது இந்தச் சான்றிதழைத்தான். செடிகளெல்லாம் ஒரே மேசையில் இருப்பதால், மேசை தவிர்த்த மற்ற பூமி முழுவதற்கும் அதைக் கொடுக்க முடிந்தது.

விசாரணைக் கூட்டத்தில் நோயல் எழுந்து நின்றான். "சார், என் வூட்டாண்ட கொல்லைல கீது சார். வந்து ஒரு தபா பாருங்க."

விசாரணை அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் பாத்து என்னப்பா ஆகப்போகுது? பேரவை பாக்கணும். அடுத்த விசாரணை இருபதாம் தேதி திங்கட்கிழமை. எண்ணூர்ல இந்தச் செடி இருக்குன்னு அவங்ககிட்ட ஒரு பேப்பர் வாங்கிட்டு வா. இல்லேன்னா செவ்வாய்க்கிழமை லாரி வந்துடும்."

மறுநாள் காலை நோயல் ஒரு கழிச்சாமந்தியை வேரோடு, சேற்றோடு தோண்டிப் பெயிண்ட் வாளியில் வைத்துக்கொண்டு ரயிலேறினான். அவன் மனைவி ரூத் வழியனுப்பினாள்: "பேப்பர் இல்லாம திரும்பி வந்தேன்னா, உன்னியும் அந்த வாளியிலயே நட்டுடுவேன்."

பேரவையில் செடிகளை அட்டையில் ஒட்டும் வேலை ஜானட்டுடையது. பக்கத்துப் பனைமரத் தொட்டிப் பகுதிக்காரி; இருபது வருடமாகப் பசையும் ஊசிநூலுமாக அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவள். வாளியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா இது?"

"கழிச்சாமந்திக்கா. உங்க புக்குல காட்டு ஆஸ்டர்னு போட்டுக்கீதாம்."

"உசுரோட கீதா?"

"காலைல தோண்டினதுக்கா."

"அப்போ வெளிய வை. உசுரோட கீற செடிக்கு உள்ள எடமில்ல."

பேரவையின் ஏழாம் விதியை அவள் மனப்பாடமாக ஒப்பித்தாள். உயிருள்ள செடி பூக்கும், உதிரும், வளரும். நேற்றொன்றும் இன்றொன்றுமாகத் தோற்றம் காட்டும். ஆகவே அதன் சாட்சி செல்லாது. இறந்த செடி ஒன்றே கடைசிவரை ஒரே பேச்சில் நிற்கும்.

"எடுத்துனு போயி, பேப்பருக்கு நடுவுல வெச்சு, மேல கல்லத் தூக்கி வெச்சு, ஒரு வாரம் காய வெச்சு கொண்டா. நல்லா சாவட்டும்."

ரூத் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். அந்த வாரம் அவர்கள் வீட்டில் சட்னி இல்லை.

தட்டையாகச் செத்த செடியோடு நோயல் மறுபடி வந்தான். ஜானட் அதை வெள்ளை அட்டையில் பரப்பி, இதழ் ஒன்றுகூட மடங்காமல் ஒட்டி, தண்டை நாலு தையலில் பிடித்தாள். அவ்வளவு அழகாகத் தன் கொல்லைச் செடியை நோயல் பார்த்ததேயில்லை. பிறகு அட்டையை மேசைமேல் வைத்து, மேசைக் காலோடு சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்த 'டேப்' என்கிற தொடுதிரைப் பலகையில் ஒரு பொத்தானை அழுத்தினாள். பக்கத்து இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது.

"எண் 214. காட்டு ஆஸ்டர். வளருமிடம்: ராயபுரம், இரண்டாம் மாடி."

நோயல் சீட்டை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தான். "யக்கா, இது எண்ணூருக்கா."

"எனக்குத் தெரியுது. டேப்புக்குத் தெரியாது. அது எங்க நிக்குதோ அந்த எடத்தத்தான் போடும்."

"கையால மாத்தி எழுதேன்."

"மனுசன் எழுதினா பொய் எழுதுவான்னு அத்த நிறுத்திட்டாங்க."

"அப்போ டேப்ப கழட்டி எண்ணூருக்கு எடுத்துனு போலாமே?"

ஜானட் சங்கிலியை ஆட்டிக் காட்டினாள். எட்டு வருடத்துக்கு முன்பு ஓர் ஊழியர் இதே மாதிரி ஒரு டேப்பைக் கழிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டுவிட்டார். விசாரணை நடந்தது. களப்பணிக்காக வாங்கிய கருவியைக் களத்திடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று அறிக்கை வந்தது. புது டேப்பை மேசையோடு பூட்டி, சாவியை உறையிலிட்டு அரக்கு வைத்தார்கள். உறையை மூவர் குழு முன்னிலையில்தான் பிரிக்கலாம். மூவரில் இருவர் காலமாகிவிட்டார்கள். மூன்றாமவர் இன்னும் நியமிக்கப்படவில்லை.

"அப்போ மிச்சம் இருநூத்திப் பதிமூணு?"

"பழவேற்காட்டுலேர்ந்து வந்துது, காட்டுப்பள்ளிலேர்ந்து வந்துது. ஜனங்க வெயில்ல அலைஞ்சு பறிச்சுனு வந்துதுதான். எல்லாம் இந்த மேசைலதான் மொளைக்குது. உக்காரு நைனா, டீ சொல்றேன்."

டீயைக் குடித்துவிட்டு நோயல் இயக்குநர் அறைக்குப் போனான். முனைவர் செங்குட்டுவன் அவனை நிற்க வைத்து அரை மணி நேரம் பேசினார். சுருக்கம் இதுதான்:

"தம்பி, உங்கள் கொல்லையில் ஏதோ முளைத்திருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் முளைப்பது வேறு, வளர்வது வேறு. முளைப்பது தாவரத்தின் தனிப்பட்ட விவகாரம். வளர்வது என்பது பேரவை சம்பந்தப்பட்டது. நான் பொறுப்பேற்ற பிறகு ஒருமுறைகூடக் களத்துக்குப் போனதில்லை. ஏன்? போனால் மனம் சாயும். கண்ணால் பார்க்கிறவன் பாரபட்சமில்லாமல் எப்படி இருக்க முடியும்?"

நோயலுக்கு முக்கால்வாசி புரியவில்லை. புரிந்த கால்வாசியில் ஒரு வழி தெரிந்தது. சங்கிலி மேசையோடு இருக்கிறது. மேசை தரையோடு இல்லை.

"அப்போ மேசையத் தூக்கினு கழிக்கு வந்துருங்க சார்," என்றான். "ஒரு பக்கம் நான் புடிக்கறேன்."

முனைவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். துணை இயக்குநர்களைக் கூப்பிட்டு நோயலை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். அவர்களும் பதவி வரிசைப்படி சிரித்தார்கள். மாதக் கூட்டக் குறிப்பில் 'நகைச்சுவை' என்று தனித் தலைப்பிட்டு அதைப் பதிந்தார்கள்.

பத்தாம் தேதி காட்டு ஆஸ்டர் பரவல் வரைபட வெளியீட்டு விழா. முனைவரிடம் மனு கொடுக்க அதுதான் நேரம் என்று ஜானட் சொன்னதால் நோயல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். திரை விலகியது. எட்டடி உயர வரைபடம். கடற்கரை நெடுக வெள்ளை வெளேரென்று வெறுமை. ராயபுரத்தில் மட்டும் தோசைக்கல் அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

"மற்ற மாநிலங்களின் வரைபடங்களைப் பாருங்கள்!" என்று முழங்கினார் முனைவர். "கொசு கடித்த முதுகு மாதிரி எங்கே பார்த்தாலும் புள்ளி. கட்டுப்பாடில்லாத செடிகள்! நம்முடையது ஒரே புள்ளி. இப்படி ஓர் ஒழுக்கத்தை ஒரு காட்டுச் செடிக்குக் கற்றுக்கொடுத்த பெருமை இந்தப் பேரவையைச் சாரும்."

கம்பெனிக்காரர்கள் முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார்கள். உற்சாகம் தாங்காமல் முனைவர் மேசைக் கதையை எடுத்துவிட்டார். "கழியிலிருந்து ஒருவர் வந்தார். என்னை மேசையைத் தூக்கிக்கொண்டு சேற்றுக்கு வரச் சொல்கிறார்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் மேசையும் கையுமாகக் கழியில் நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள்!"

அரங்கம் கற்பனை செய்து பார்த்தது. முன்வரிசையில் ஒருவருக்குப் பாதாம்பால் மூக்கில் ஏறியது. எல்லாரும் திரும்பித் தன்னைப் பார்ப்பதாகத் தோன்றவே, கடைசியாக நோயலும் சிரித்து வைத்தான். மனு சட்டைப் பையிலேயே வியர்வையில் நனைந்தது.

வரைபடம் தலைநகருக்குப் போனது. அங்கே தேசிய சரிபார்ப்பு வாரியம் என்று ஒன்று இருந்தது. ஒரே புள்ளியில் இருநூற்றுப் பதினான்கு செடிகள் என்பதைக் கண்டு வாரியம் திகைத்தது. உலகில் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக இச்செடி வளர்ந்ததாகச் செய்தி இல்லை. வாரியம் பாராட்டுக் கடிதம் எழுதியது. கடிதத்தின் கடைசிப் பத்தி: எங்கள் உறுப்பினர்கள் இருபதாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கள் பதிவு காட்டும் இடத்துக்கே நேரில் வந்து செடிகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் இயக்குநருக்கு மூன்றாண்டுப் பணி நீட்டிப்பு. இல்லாவிட்டால் வேறு இயக்குநர்.

முனைவர் கடிதத்தை வாசித்துவிட்டு மேசையைப் பார்த்தார். மேசையில் ஒரு செடியும் நிற்கவில்லை.

புதன்கிழமை அவர் பூக்கடையிலிருந்து முப்பது தொட்டி வாங்கி வந்தார். ஜானட் ஒரு பூவைக் கிள்ளி முகர்ந்தாள். "சார், இது சாமிக்குப் போடற சாமந்தி. ஆயுத பூசைன்னாலும் ஒரு நியாயம் கீது."

வியாழக்கிழமை விதி ஏழு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டு, நோயலுக்குப் போன் போனது. இரண்டு வாளிக் கழிச்சாமந்தியோடு ஓடி வந்தான். பேப்பர் கிடைத்துவிடும் என்று நினைத்தான். "பேப்பரா? அது வேறு பிரிவு," என்றார் முனைவர். செடிகளைத் தகரத் தட்டில் நட்டு மேசைமேல் வைத்தார்கள். சாயங்காலமே தலை சாய்ந்தன.

"ஏன் சாகின்றன?"

"கழித் தண்ணி ரெண்டு வேள ஏறி எறங்கணும் சார். அது இல்லாங்காட்டி நிக்காது."

முனைவர் உடனே ஓர் அலுவலக ஆணை தட்டச்சு செய்யச் சொன்னார். காவலாளி மஜீது, தம் பணிகளுக்குக் கூடுதலாக, மறு உத்தரவு வரும்வரை பொறுப்புக் கடலாக நியமிக்கப்படுகிறார். காலையும் மாலையும் அவர் கல்லுப்பு கரைத்த தண்ணீரை வாளியால் தட்டில் ஏற்ற வேண்டும். ஆறு மணி நேரம் கழித்துச் சொம்பால் இறக்க வேண்டும். பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். மஜீது ஆணையை வாங்கி நாலாய் மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் மாடி முழுக்க அவர் குரல்தான்.

"சார், ஏத்தம் போட்டாச்சு! வத்தம் எத்தினி மணிக்கு?"

வெள்ளிக்கிழமை கடல் தொழுகைக்குப் போனதால் ஏற்றம் ஒரு மணி நேரம் தாமதமானது. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். உப்புத் தண்ணீர் தளத்தில் இறங்கி முதல் மாடிக் கோப்புகள் ஊறின. சனிக்கிழமை மதியம் கடைசிச் செடியும் சுருண்டு விழுந்தது. பேரவை விதிப்படி இப்போதுதான் அது நம்பகமான சாட்சி. ஆனால் வாரியம் நிற்கிற செடியை எண்ணப் போகிறது.

ஜானட் தவிர எல்லாரும் போன பிறகு முனைவர் மேசையைச் சுற்றி வந்தார். ஒரு மூலையை லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"ஜானட். ஒட்டிய அட்டையை மறுபடி மேசைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்?"

"பழைய எடம் போயி, மேசை நிக்கற எடம் வந்துரும் சார்."

பிறகு, சுவரைப் பார்த்தபடி: "இந்த மேசையை எத்தனை பேர் தூக்கலாம்?"

ஜானட் சிரிக்கவில்லை. அதற்கு அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். "நாலு பேரு சார்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்ததும் ஜானட்டின் தெருக்காரன் முபாஷிர் தன் குட்டியானையைக் கொண்டுவந்து நிறுத்தினான். காசிமேட்டில் மீன் ஏற்றுகிற வண்டி. மேசை பின்னால் ஏறியது. அதன்மேல் சங்கிலியோடு டேப். பக்கத்தில் இருநூற்றுப் பதினான்கு அட்டைகளும் முத்திரைப் பெட்டியுமாக ஜானட். முனைவர் முன்னால் உட்கார்ந்து கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இன்னா சார், வூடு காலி பண்றீங்களா?" என்று கேட்டான் முபாஷிர்.

"வாயை மூடிக்கொண்டு ஓட்டப்பா."

நோயல் குப்பத்து முனையில் காத்திருந்தான். வண்டி சதுப்பின் விளிம்போடு நின்றுவிட்டது. அங்கிருந்து நடைதான். நோயலும் முபாஷிரும் முனைவரும் ஜானட்டுமாகத் தூக்கினார்கள். முனைவரின் தோல் செருப்பில் ஒன்றைச் சேறு முதல் பத்தடியிலேயே எடுத்துக்கொண்டது. அவர் அதைத் திரும்பக் கேட்கவில்லை. தண்ணீர் வற்றியிருந்தது. எதிரே ஊதாவும் மஞ்சளுமாகக் கழிச்சாமந்தி, யாரும் பதிவு செய்யாத துணிச்சலில், காற்றுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தது. எட்டு ஆண்டு ஆண்ட செடியை முனைவர் முதன்முதலாக நின்ற நிலையில் பார்த்தார்.

"இவ்வளவு உயரமா இது?" என்றார்.

மேசையை நட்டார்கள். அது தன் எடைக்கு ஒரு முழம் இறங்கி நின்றது. ஜானட் அட்டையை வைப்பாள். முனைவர் பொத்தானை அழுத்துவார். "வளருமிடம்: எண்ணூர்க் கழி" என்று டேப் சொல்லும். பழவேற்காட்டில் பறித்ததும் காட்டுப்பள்ளியில் பறித்ததும் இப்போது எண்ணூரில் முளைத்தன. இருநூற்றுப் பதிமூன்று பொய்கள் இடம் மாறக் காத்திருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் வீடு திரும்பக் காத்திருந்தது.

எண்பத்தொன்பதாவது அட்டை முடிந்ததும் நோயல் கையை உயர்த்தினான்.

"போதும் சார். இந்தத் திட்டுல தொண்ணூறு செடிதான் தேறும், இன்னும் ஒண்ணுதான் பாக்கி. நாளைக்கு எண்ணிப் பாப்பாங்கன்னு சொன்னீங்க. மிச்சம் அந்தாண்டத் திட்டுல கீது. மேசையப் புடுங்கி எடுத்துனு போணும்."

"சரி, தூக்கு," என்றார் முனைவர்.

நோயல் கையைக் கட்டிக்கொண்டான். குரலை உயர்த்தவில்லை. "ஒரு பக்கம் நான் புடிக்கறேன்னு அன்னிக்கே சொன்னேன் சார். இப்பவும் புடிக்கறேன். பேப்பர் குடுங்க."

"அது அலுவலக நேரத்தில், உரிய பிரிவில்…"

"ஏத்தம் ஆரம்பிச்சுடுச்சு சார். இது மஜீது பாய் ஏத்தம் இல்ல. விளக்கம் கேட்டா நிக்காது."

முனைவர் கீழே பார்த்தார். தண்ணீர் கணுக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரையில் நாற்பத்திரண்டு வீட்டு ஜனமும் வந்து நின்றிருந்தது. ரூத் இடுப்பில் கை வைத்திருந்தாள். ஜானட் இருநூற்றுப் பதினான்காம் அட்டையைத் தானாக உருவி மேசைமேல் வைத்தாள். அவர் பொத்தானை அழுத்தினார். ஜானட் நீட்டிய தாளில், மேசை ஆடியதால் கோணலாக, கையெழுத்திட்டார்: காட்டு ஆஸ்டர் எண்ணூர்க் கழியில் வளர்கிறது. முத்திரை விழுந்தது. முத்திரையின் ஓரத்தில் கொஞ்சம் சேறும் விழுந்தது.

நோயல் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை ரூத்திடம் கொடுக்கச் சொல்லி முபாஷிரிடம் நீட்டினான். முபாஷிர் கரைக்குப் போனான். ரூத் வாங்கி, வரி வரியாக விரல் வைத்துப் படித்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். முபாஷிர் அங்கேயே யாரோ கொடுத்த மோரைக் குடிக்க உட்கார்ந்துவிட்டான்.

மேசைக்கு நாலு மூலை. நோயல் ஒன்றைப் பிடித்தான். ஜானட் அட்டைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொன்றைப் பிடித்தாள்.

"மாமு! வாடா, ஒரு கை குறையுது!" என்று ஜானட் கரையிலிருந்த முபாஷிரைப் பார்த்துக் கத்தினாள்.

"வேண்டாம்," என்றார் முனைவர்.

வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார். மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றி மேசைமேல் டேப்புக்குப் பக்கத்தில் வைத்தார். குனிந்து, எதிர்ப்பக்கத்தின் இரண்டு மூலைக்கும் கையைப் பரப்பிக் கொடுத்துத் தூக்கினார்.